நாகப்பட்டினம் 1782: செவேர் கப்பல் கொடி இறக்கியதா, இல்லையா?

பாய்மரப்பித்தன்:
பக்கத்து இழையில் காரைக்கால்கலம் எழுதியதைப் படித்து எரிச்சலாகிவிட்டது. "பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரன் சோழமண்டலக் கரையிலும் இலங்கைக் கரையிலுமாக ஐந்து முறை மோதினார், ஒரு பிரெஞ்சுக் கொடிகூட ஆங்கிலேயனுக்கு முன்னால் இறங்கவில்லை" என்கிறார். 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு வெளியே நடந்தது என்ன? 64 பீரங்கி கொண்ட பிரெஞ்சுக் கப்பல் செவேர், 74 பீரங்கி கொண்ட ஆங்கிலக் கப்பலான சுல்தானிடம் கொடியை இறக்கியது, அதாவது சரணடைந்தது. சுல்தான் சுடுவதை நிறுத்திவிட்டுத் தன் போர்க்கப்பல் வரிசைக்குத் திரும்பும்போது, சரணடைந்த அதே கப்பல் சுட்டது. இதுவா உங்கள் வீரம்?

காரைக்கால்கலம்:
வந்துட்டாருய்யா. கொடிக்கயிறு குண்டடி பட்டு அறுந்தது. சண்டை முடிஞ்சதும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ், சுல்தான் கப்பல் தளபதியையே சமாதானக் கொடியோட அனுப்பி "செவேரை ஒப்படை"ன்னு கேட்டார். "கயிறு அறுந்துச்சு, கப்பல் தர முடியாது"ன்னு சுஃப்ரன் திருப்பி அனுப்பிட்டார். கதை முடிஞ்சது.

பாய்மரப்பித்தன்:
கயிறு அறுந்ததென்றால் செவேரின் தளபதி சியாரைப் பதவியிலிருந்து தூக்கியது ஏன்? கயிற்றைச் சரியாக முடிச்சுப் போடாததற்கா?

திசைகாட்டி:
ஒரு சந்தேகம். கொடி இறங்கினாலே சரணா, எதிரி வந்து கப்பலைக் கைப்பற்றினால்தான் சரணா? அதை முதலில் தீர்மானித்துக்கொண்டால் நல்லது.

காரைக்கால்கலம்:
சியார் ஒருத்தரை மட்டுமா தூக்கினார்? அந்தச் சண்டைக்கப்புறம் நாலு தளபதிகளை வீட்டுக்கு அனுப்பினார். சொன்ன இடத்துக்கு வராத ஆளுங்க எல்லாரும் போனாங்க. சுஃப்ரனுக்குப் பாதி எதிரி அவர் வரிசையிலேயே இருந்தான். அதை வெச்சு கொடிக் கதை பேசாதீங்க.

பாய்மரப்பித்தன்:
கேட்டதற்குப் பதில் இல்லை. கொடியை இறக்கச் சொன்னது சியார். அவருக்குக் கீழிருந்த அதிகாரிகள் மறுத்துக் கொடியைத் திரும்ப ஏற்றிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களே ஒத்துக்கொண்ட செய்தி இது. சுஃப்ரனுக்கே பிறகுதான் தெரிந்தது. நீங்கள் மட்டும் இன்னும் கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

நாகைக்கடலோடி:
ரெண்டு பேரும் காத்தை மறந்துட்டீங்களே. ஆனி, ஆடியில எங்க கரையில காலையில மேற்க இருந்து கச்சான் அடிக்கும். பகல் ஏறினா கடக்காத்து திரும்பும். அன்னிக்கும் அதான் ஆச்சு. மதியம் சண்டை நடுவுல காத்து திடீர்னு மாறி, பாயெல்லாம் எதிர்க்காத்துல சிக்கி, ரெண்டு வரிசையும் கலைஞ்சு போச்சு. அந்தக் குழப்பத்துலதான் செவேரும் சுல்தானும் நேருக்கு நேர் மாட்டுச்சு. காத்து மாறலைன்னா இந்தக் கொடிப் பேச்சே கிடையாது.

காரைக்கால்கலம்:
அண்ணே, நல்லாச் சொன்னீங்க. காத்து செஞ்ச வேலை அது, சுல்தான் செஞ்சது இல்ல.

நாகைக்கடலோடி:
தம்பி, நான் உங்க பக்கம் பேசலை. காத்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்.

கோட்டைக்காவலன்:
ஜிப்ரால்டர் இழையிலும் காரைக்கால்கலம் இதே ஆட்டம்தான் ஆடினார். ஆதாரம் கேட்டால் வேறு சண்டைக்குத் தாவுவார். இப்போது பாருங்கள், திருகோணமலைக்குப் போவார்.

காரைக்கால்கலம்:
போவேன், ஏன் போகக் கூடாது? ஜூலையில "தோத்த" ஆள் கடலூருக்குப் போனார். பாய்மரம் கிடையாது, பலகை கிடையாது, நல்ல துறைமுகம் கிடையாது. வீடுகளை இடிச்சு உத்திரத்தை எடுத்துக் கப்பலுக்குப் போட்டார். அங்கேயே ஹைதர் அலியைப் பார்த்தார். ஆகஸ்ட் 1 கிளம்பிட்டார், 31ஆம் தேதி திருகோணமலை அவர் கையில. ஹியூஸ் செப்டம்பர் 2 வந்து சேர்ந்தப்போ கோட்டையில பிரெஞ்சுக் கொடி. இந்தப் பக்கத்துல புயலுக்கு ஒதுங்க இருந்த ஒரே நல்ல துறைமுகம் அது. ஜூலைக்கப்புறம் சென்னையில உக்காந்திருந்த ஹியூஸை யாரும் கேக்க மாட்டீங்களே!

கோட்டைக்காவலன்:
சொன்னேனா இல்லையா?

பாய்மரப்பித்தன்:
திருகோணமலையை யாரும் மறுக்கவில்லை. சுஃப்ரன் ஜூலையில் வந்தது நாகப்பட்டினத்தைப் பிடிக்க. ஹியூஸ் குறுக்கே நின்றார், பிடிக்க முடியவில்லை. பிரெஞ்சுப் பக்கம் 178 பேர் செத்தார்கள், 601 பேருக்குக் காயம். ஆங்கிலேயர் பக்கம் 77, 233. இரண்டு பக்கமும் 11 கப்பல்கள்தான், ஆள் குறைவு கப்பல் குறைவு என்ற சாக்கும் இல்லை. அதற்கு மேல் ஒரு கப்பல் கொடியும் இறக்கியது.

காரைக்கால்கலம்:
இறக்கினது கப்பல் இல்ல, ஒரு கோழைத் தளபதி. கப்பல் சண்டை போட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி செவேர் எங்க நங்கூரம் போட்டுச்சு? எங்க காரைக்கால் கடல்ல, சுஃப்ரன் கூட. ஹியூஸ் கையில இல்லையே!

பாய்மரப்பித்தன்:
அப்படியானால் கயிறு அறுந்த கதை?

காரைக்கால்கலம்:
கயிறும் அறுந்திருக்கும். 1783 ஜூன் 20 கடலூரைப் பேசுங்களேன். 18 கப்பலோட ஹியூஸ், 15 கப்பலோட சுஃப்ரன். சென்னைக்கு ஒதுங்கினது யாரு? கடலூரை முற்றுகை போட்டிருந்த ஆங்கிலப் படை கடல் பக்கம் துணையில்லாம நின்னுச்சு. அதுக்குள்ள சமாதானச் செய்தி வந்து காப்பாத்துச்சு.

திசைகாட்டி:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கோட்டைக்காவலன்:
பதில் சொல்லும் ஆள் இந்த இழையில் இல்லை ஐயா. ஜிப்ரால்டர் இழையில் கேட்டதற்கே இன்னும் வரவில்லை.

காரைக்கால்கலம்:
ஜிப்ரால்டருக்கு அங்க வாங்க, பேசிக்கலாம். இங்க எல்லாருக்கும் ஒரே கேள்வி: ஹியூஸ் கேட்டாரே, செவேர் கிடைச்சுதா?

பாய்மரப்பித்தன்:
கொடி இறங்கியதா?

காரைக்கால்கலம்:
கப்பல் கிடைச்சுதா?