சிசிலியன் டிராகன்: எச் ஃபைலில் (எச் நெடுவரிசையில்) மேட் வாங்காமல் ஆடுவது எப்படி?

கறுப்புக்காய்_வேளச்சேரி:
செஸ்ஸில் கறுப்புக்காயில் சிசிலியன் டிராகன் (1.இ4 சி5 என்று தொடங்கி, ஜி6 தள்ளி மந்திரியை ஜி7-ல் வைக்கும் திறப்பு) ஆடுகிறேன். சென்னை வார இறுதி ரேபிட் (குறைந்த நேர) போட்டிகளில் பத்து வயசுப் பொடிசுகள்கூட அதற்கு எதிரான வெள்ளையின் தாக்குதலான யுகோஸ்லாவ் அட்டாக்கை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மந்திரி இ3, எஃப்3, ராணி டி2, நீளக் கோட்டை (ராணிப் பக்கக் காஸ்லிங்), அப்புறம் எச்4-எச்5, மந்திரி எச்6. ஜி7 மந்திரி வெட்டுப்பட்டதும் கதை முடிகிறது. கறுப்பு எங்கே பிந்துகிறது?

யானைக்கவுனி:
வெள்ளையின் 9-வது நகர்த்தலைப் பாருங்க சார். மந்திரி சி4 வந்தால் டி5 தள்ள முடியாது. 9...மந்திரி டி7 10.நீளக் கோட்டை யானை சி8 11.மந்திரி பி3 குதிரை இ5 12.எச்4 வரை வந்ததும் நீங்களும் எச்5 தள்ளிவிடுங்க. ஃபைல் அவ்வளவு சீக்கிரம் திறக்காது. 13.மந்திரி ஜி5 என்றால் யானை சி5: டி5-க்குக் காவல், அடுத்து பி5.

அவசரப்பட்டு 13.மந்திரி எச்6 ஆடினால் உங்களுக்குக் கொண்டாட்டம். வெட்டுங்க, ராணி வெட்டட்டும். ராணி எச்6 போனதும் சி3-க்கு அவள் துணை இல்லை. 14...யானை சி3-ஐ வெட்டு, 15.பி சிப்பாய் வெட்டினால் ராணி ஏ5. யானைக்குக் குதிரைதான் கிடைத்தது என்று கணக்குப் பார்க்காதீங்க. வெள்ளை ராஜா முன்னால் சுவரே இல்லை.

டி5_தள்ளு:
மந்திரி சி4 வராமல் 9.நீளக் கோட்டை என்றால் கண்ணை மூடிக்கொண்டு 9...டி5. 10.இ சிப்பாய் வெட்டு, குதிரை வெட்டு 11.குதிரை சி6 வெட்டு, பி சிப்பாய் வெட்டு. இப்போது 12.குதிரை டி5 வெட்டு, சி சிப்பாய் வெட்டு 13.ராணி டி5 வெட்டு என்று சிப்பாய்க்கு ஆசைப்பட்டால் 13...ராணி சி7! ஏ8 யானையை அவர் எடுத்தால் மந்திரி எஃப்5, சி2-ல் மேட் மிரட்டல்; அவர் எஃப்8-லும் வெட்டி ராணியைக் கொடுத்தாக வேண்டும். விவரமானவர்கள் 12.மந்திரி டி4தான் ஆடுவார்கள். அதற்கு 12...இ5 13.மந்திரி சி5 மந்திரி இ6. எஃப்8 யானை அடிபடுகிறதே என்று நகர்த்த வேண்டாம்; அதை எடுத்தால் அவருடைய கறுப்புக் கட்ட மந்திரி போய்விடும், உங்களுடையது பி2-ஐக் குறிவைக்கும்.

யானைக்கவுனி:
யானையால் சி3-ஐ வெட்டுவது எப்போதும் பலிக்காது. 1974 கேண்டிடேட்ஸ் (உலகச் சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி) இறுதியின் 2-வது ஆட்டத்தில் கார்போவ் 16.குதிரை டி4-இலிருந்து இ2 என்று பின்வாங்கி சி3-க்கு முட்டுக் கொடுத்தார். கோர்ச்னாய் 27 நகர்த்தலில் காலி. குதிரை இ2-ல் நின்றால் வெட்டுமுன் இரண்டு தரம் யோசிக்கணும். ஆனாலும் 1995 உலகச் சாம்பியன் போட்டியில் நம்ம ஆனந்துக்கு எதிராகவே காஸ்பரோவ் டிராகன் ஆடி 11, 13-வது ஆட்டங்களை ஜெயித்தார், வயிற்றெரிச்சல்!

இன்னொன்று: 6.மந்திரி இ3-க்கு உடனே குதிரை ஜி4 துள்ளாதீங்க. 7.மந்திரி பி5 செக், மந்திரி டி7-ல் குறுக்கே வந்தால் ராணி ஜி4 குதிரையை ஓசியில் எடுக்கும்.

கறுப்புக்காய்_வேளச்சேரி:
9.ஜி4 ஆடினால்?

டி5_தள்ளு:
9...மந்திரி இ6. 10.நீளக் கோட்டைக்கு டி4-ல் குதிரைகளை மாற்றி ராணி ஏ5.