பெருமம், சிறுமம் கணக்குகள்: வடிவியல் சூத்திரம் எங்கே காலை வாருகிறது?

மஞ்சக்குப்பம், கடலூர் (பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம்)

ஓர் அளவு எப்போது மிகப் பெரிதாகும் (பெருமம்), எப்போது மிகச் சிறிதாகும் (சிறுமம்) என்று கேட்கும் கணக்குகளில், வகையிடலில் (மாறுவீதம் காண்பதில்) தப்பு விடுகிற பிள்ளைகள் குறைவு. கணக்கு கவிழ்வது பெரும்பாலும் அதற்கு முன்பே, புறப்பரப்பை எழுதும் வரியில். பத்தாம் வகுப்பில் உருப்போட்ட ‘மொத்தப் புறப்பரப்பு’ தானாகக் கையில் வந்துவிடும். மூடி உண்டா இல்லையா என்று கேள்வியைப் பார்ப்பதில்லை.

முதுநகர் துறைமுகத்துக்கு ஒரு மீன் பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். அடி சதுரம், மேலே திறப்பு, 32 லிட்டர் கொள்ள வேண்டும், தகடு குறைவாக ஆக வேண்டும். 32 லிட்டர் என்றால் 32,000 கன செ.மீ. (32 என்றே போட்டு விடையைச் செ.மீ.யில் எழுதுவோரும் உண்டு.)

தகடு = பக்கம்² + 4 × பக்கம் × உயரம்
உயரம் = 32,000 ÷ பக்கம்²

பிரதியிட்டால் தகடு = பக்கம்² + 1,28,000 ÷ பக்கம். வகையிட்டுப் பூச்சியமாக்கினால் பக்கம்³ = 64,000. பக்கம் 40, உயரம் 20 செ.மீ., தகடு 4,800 சதுர செ.மீ. மூடியையும் சேர்த்து எழுதியவருக்குச் சுமார் 31.7 செ.மீ. கனசதுரம் கிடைக்கும். அதுவும் பார்க்க அழகான விடைதான்; அதனால் சந்தேகமே வராது.

என் வகுப்பில் புறப்பரப்புச் சூத்திரமே எழுத விடுவதில்லை. பொருளைப் பிரித்து விரித்து, துண்டு துண்டாகக் கூட்ட வேண்டும். உருளை என்றால் இரண்டு வட்டம், ஒரு செவ்வகம். செவ்வகத்தின் நீளம் வட்டத்தின் சுற்றளவு. கன அளவு மாறாமல் தகடு சிறுமமாக வேண்டுமானால், மூடியுள்ள உருளைக்கு உயரம் = விட்டம், மூடி இல்லாததற்கு உயரம் = ஆரம். விடையைச் சரிபார்க்க இந்த இரண்டு போதும்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி (டியூஷன்)

சார் சொல்வது பெட்டிக்கும் உருளைக்கும் சரி. கோளத்தை எப்படி விரிப்பது? அங்கே வகையிடலே கைகொடுக்கும். கோளத்தின் கன அளவு (4/3)π ஆரம்³. ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால் 4π ஆரம்², அதாவது புறப்பரப்பு. ஆரம் துளி கூடும்போது சேர்வது மேலே ஒரு மெல்லிய தோல்தான் என்பதே காரணம். வட்டத்திலும் அப்படியே: π ஆரம்² போய் 2π ஆரம் வரும்.

இதை எல்லா வடிவத்துக்கும் நீட்டினால் வம்பு. கனசதுரத்தில் பக்கம்³ஐ வகையிட்டால் 3 பக்கம்², புறப்பரப்பில் பாதிதான். பக்கம் ஒரு செ.மீ. கூடினால் ஒவ்வொரு முகமும் மையத்திலிருந்து அரை செ.மீ.தானே நகர்கிறது! அரைப்பக்கத்தை மாறியாக வைத்தால் கன அளவு 8 அரைப்பக்கம்³, வகையிட்டால் 24 அரைப்பக்கம்², சரியாக வந்துவிடும். உருளையில் ஆரத்தைப் பொறுத்து வகையிட்டால் வளைபரப்பு மட்டுமே வரும், மேல்வட்டமும் கீழ்வட்டமும் வராது.

பாகூர், புதுச்சேரி (சிபிஎஸ்இ கணிதம்)

எல்லாவற்றையும் வருவித்துக்கொண்டிருந்தால் மூன்று மணி நேரத் தேர்வு போதாது, மேடம். கூம்பின் கன அளவுச் சூத்திரத்தில் வரும் மூன்றில் ஒரு பங்கையும், சாயுயரம்² = ஆரம்² + உயரம்² என்பதையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். மறந்தால் பரிமாணத்தைப் பாருங்கள்: பரப்பு என்றால் இரண்டு நீளங்களின் பெருக்கல், கன அளவு என்றால் மூன்று. கூம்பின் வளைபரப்பு π ஆரம்² சாயுயரம் என்று எழுதியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஆனால் மூன்றில் ஒன்றா, இரண்டில் ஒன்றா என்பதைப் பரிமாணம் காட்டாது.

உள்ளே வரையும் கணக்குகளில் சூத்திரத்தைவிடக் குறுக்குவெட்டுப் படம் முக்கியம். கோளத்துக்குள் கன அளவு மிகுந்த கூம்பு என்றால் வட்டத்துக்குள் முக்கோணம் வரையுங்கள். மையத்திலிருந்து கூம்பின் அடிக்கு உள்ள தூரம் (உயரம் − கோள ஆரம்). பிதாகரஸ் போட்டால் அடி ஆரம்² = 2 × கோள ஆரம் × உயரம் − உயரம்². இங்கே வர்க்கமூலம் எடுக்கவே கூடாது. கன அளவில் தேவைப்படுவது ஆரம்²தான். மூலம் எடுத்தவர்கள் வகையிடலில் ஒரு பக்கம் முழுக்கத் திணறுவார்கள். உயரம் கோள ஆரத்தில் 4/3 பங்கு, கூம்பு கோளத்தில் 8/27 பங்கு.

கூம்புக்குள் கன அளவு மிகுந்த உருளை என்றால் வடிவொத்த முக்கோணங்கள். உருளையின் ஆரம் கூம்பின் ஆரத்தில் 2/3, உயரம் 1/3, கன அளவு 4/9.

நெல்லிக்குப்பம், கடலூர் மாவட்டம்

வட்டக்கோணப்பகுதியை (இரண்டு ஆரங்களுக்கும் ஒரு வில்லுக்கும் நடுவே உள்ள வட்டத்தின் பகுதி) விட்டுவிட்டீர்களே. பரப்பு ½ ஆரம்² × கோணம் என்பது ரேடியனில் மட்டும். சுற்றளவு நிலையாக இருந்து பரப்பு பெருமமானால் கோணம் 2 ரேடியன், ஏறக்குறைய 114.6 பாகை. விடையில் ‘2°’ என்று எழுதினால் அது வெறும் ஊசிக்கீற்று.

கம்பியை வெட்டி ஒரு வட்டம், ஒரு சதுரம் செய்யும் கணக்கும் அடிக்கடி வரும். மொத்தப் பரப்பு சிறுமமாக, சதுரத்தின் பக்கம் = வட்டத்தின் விட்டம். பெருமம் கேட்டால் பூச்சியமாக்கிப் பயனில்லை, அங்கே கிடைப்பது சிறுமப் புள்ளி மட்டுமே. இரு முனைகளையும் போட்டுப் பார்த்தால் கம்பியை வெட்டாமல் முழுவதையும் வட்டமாக வளைப்பதே விடை என்று தெரியும்.