புதுப்பிப்பு: அக்கா மகளின் கடிதத்துக்குப் பதில் வந்துவிட்டது

பருவநிலை மாற்றம் பற்றி அமைச்சருக்கு எழுத ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் கிளம்பியிருக்கிறாள், யோசனை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன் அல்லவா? பதில் வந்தது. பழுப்பு உறை, கோணலாக ஒரு ரப்பர் முத்திரை, உள்ளே ஒரே வரி: மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது. எந்தத் துறை என்று இல்லை. "இதுக்கு எழுதாமலே இருந்திருக்கலாம் மாமா" என்றாள். நியாயம்தான்.

சரி, நீங்கள் சொன்னபடி அடுத்த கடிதம் ஆட்சியருக்கு. தமிழக அரசின் மாவட்டப் பருவநிலை மாற்ற இயக்கத்துக்கு அவர்தானே பொறுப்பு. உலகத்தைக் காப்பாற்றச் சொன்ன பத்தியை அவளே அடித்துவிட்டாள். கேட்டிருப்பது ஒன்றுதான்: பள்ளி மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு. மேல்மாடி வகுப்பில் மதியம் எடுத்த வெப்பமானி அளவுகளை நோட்டுத் தாளில் கட்டம் போட்டு இணைத்திருக்கிறாள்.

அப்புறம், ஒருவர் ரிதிமா பாண்டேவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பருவநிலை மாற்றத்தைத் தடுக்க அரசு போதுமானதைச் செய்யவில்லை என்று, 2017இல் ஒன்பது வயதில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போனவர். மனு 2019இல் தள்ளுபடி. அதே ஆண்டு, பருவநிலைக்காகப் போராடும் ஸ்வீடன் நாட்டு கிரேட்டா துன்பெர்க் உள்ளிட்டோருடன் ஐ.நா.விடம் புகார் கொடுத்தார். வாசித்துக் காட்டினேன். தள்ளுபடி அவள் காதில் விழவே இல்லை. "ஒன்பது வயசுலயா?" என்றாள்.

விரைவுத் தபாலில் போட்டாயிற்று. பதில் வந்தால் சொல்கிறேன்.