அந்தப் பந்து முன்னால்தான் போனது

ஏரிக்கரையான்
நேற்று இந்த மன்றத்தில் டென்னசி டைட்டன்ஸ் ரசிகர் ‘கம்பர்லாந்து’ எழுதியதைப் படித்தேன். ‘மியூசிக் சிட்டி அதிசயம் நூற்றுக்கு நூறு சட்டப்படி நடந்தது. பஃபலோ பில்ஸ் ரசிகர்கள் கால் நூற்றாண்டாக அழுகிற அழுகையில் ஈரி ஏரி நிரம்பி வழிகிறது’ என்கிறார். எங்கள் ஏரி, எங்கள் கண்ணீர், அதில் அவருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அந்த ‘நூற்றுக்கு நூறு’ மட்டும் எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது அமெரிக்கக் கால்பந்து. 2000 ஜனவரி 8, ‘மியூசிக் சிட்டி’ எனப்படும் நாஷ்வில், பருவ முடிவில் வரும் பிளேஆஃப் ஆட்டங்களின் முதல் சுற்று. ஆட்டம் முடிய 16 வினாடி இருக்கும்போது எங்கள் ஸ்டீவ் கிறிஸ்டி 41 யார்டு தூரத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் அடித்தார். பில்ஸ் 16, டென்னசி டைட்டன்ஸ் 15. அடுத்து நாங்கள் உதைத்து அனுப்பிய கிக்-ஆஃப் பந்தை டைட்டன்ஸின் லொரென்சோ நீல் பிடித்து ஃப்ராங்க் வைசெக் கையில் கொடுத்தார். வைசெக் வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்து, மைதானத்தின் குறுக்கே இடது ஓரத்துக்கு எறிந்தார். அங்கே நின்ற கெவின் டைசன் பிடித்துக்கொண்டு 75 யார்டு ஓடி எங்கள் கோல் கோட்டைக் கடந்தார், டச் டவுன். மீதி 3 வினாடி. டைட்டன்ஸ் 22, பில்ஸ் 16.

கிக்-ஆஃப் பந்தைப் பிடித்தவர்கள் அதை முன்னால், அதாவது எதிரணியின் கோல் பக்கமாக, எறியக் கூடாது. பந்து வைசெக்கின் கையை விட்டது 25 யார்டு கோட்டுக்குப் பின்னால். டைசன் பிடித்தது கோட்டுக்கு முன்னால். பார்க்கக் கண் போதும்.

கம்பர்லாந்து
அண்ணா, வணக்கம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். உங்களுக்கு 25 யார்டு கோடு கோணல். நான் அன்றைக்கு அந்த மைதானத்திலேயே இருந்தேன். பன்னிரண்டு வயது, அப்பா பக்கத்தில். பந்து பின்னால் போனது. நடுவர் ஃபில் லக்கெட் ரீப்ளேயில் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு சொன்னார்.

ஏரிக்கரையான்
மேல்தட்டில் உட்கார்ந்து, பன்னிரண்டு வயதில், அப்பாவின் தோளைத் தாண்டி எட்டிப் பார்த்து அரை யார்டை அளந்தீர்களா? அபாரம். நில அளவைத் துறைக்குப் போயிருக்க வேண்டிய ஆள்.

லக்கெட்டைச் சாட்சிக்கு அழைக்கிறீர்களே தம்பி, 1998இல் நன்றி தெரிவிக்கும் நாளன்று பிட்ஸ்பர்க்–டெட்ராய்ட் ஆட்டத்தில் நாணயம் சுண்டியபோது, ஜெரோம் பெட்டிஸ் தலையைச் சொன்னாரா பூவைச் சொன்னாரா என்று நாடே சண்டை போட்டது நினைவிருக்கிறதா? அந்த நாணயத்தைச் சுண்டியவர் யார்?

ஓரத்தில் உட்கார்ந்தவன்
ஒரு சின்ன விளக்கம். விதிப்படி எறிபவரின் காலும் பிடிப்பவரின் காலும் முக்கியமில்லை. பந்து கையை விட்ட இடமும் தொடப்பட்ட இடமும்தான் கணக்கு. கோட்டுக்கு இணையாகப் போனாலும் அது பின்வீச்சாகவே கொள்ளப்படும். மைதானத்தில் கொடுத்த தீர்ப்பை மாற்ற ரீப்ளேயில் ஐயத்துக்கு இடமில்லாத சான்று வேண்டும். ஆகவே கேள்வி ‘முன்னாலா பின்னாலா’ என்பது இல்லை. ‘முன்னால்தான் என்று நிரூபிக்க முடிந்ததா’ என்பதே.

ஏரிக்கரையான்
நன்றி. வைசெக்கின் வலது காலைப் பாருங்கள். எங்கே இருக்கிறது?

கம்பர்லாந்து
டைசனின் இடது காலைப் பாருங்கள் முதலில்.

ஏழாம் எண்
பந்து எங்கே போனால் என்ன? அந்த ஆட்டத்தை அன்றைக்குக் காலையிலேயே தோற்றுவிட்டோம். பருவம் முழுக்க, பந்தெறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக டக் ஃப்ளூட்டி ஆடி 10 வெற்றி, 5 தோல்வி. அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு ராப் ஜான்சனை இறக்கினார்கள். ஜான்சன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை யோசிக்கும் ஆள். டைட்டன்ஸின் ஜெவான் கர்ஸ் அவரை எங்கள் கோல் பகுதிக்குள்ளேயே மடக்கி 2 புள்ளி வாங்கிக்கொண்டு போனார். ஃப்ளூட்டி இருந்திருந்தால் அந்தக் கிக்-ஆஃபுக்கே வேலை இருந்திருக்காது.

ஏரிக்கரையான்
வந்துவிட்டீர்களா? இன்னும் காணோமே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் எண் ஐயா, மழை பெய்தாலும் ஃப்ளூட்டி, வெயில் அடித்தாலும் ஃப்ளூட்டி. கடைசி வாரம் இண்டியானாபோலிஸை 31–6 என்று அடித்தது யார்? ஜான்சன். நாஷ்வில்லில் கடைசி நேரத்தில் கழன்ற ஷூவை மாட்டக்கூட நேரமில்லாமல் ஒற்றைக் காலில் ஷூவோடு பந்தெறிந்து கிறிஸ்டியை அடிக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்தது யார்? அதுவும் ஜான்சன். அவர் தன் வேலையை முடித்துவிட்டார். மிச்சத்தைக் கெடுத்தது ஒரு முன்வீச்சு.

ஏழாம் எண்
ஷூவைக்கூடக் காலில் வைத்துக்கொள்ளத் தெரியாதவரைப் புகழ்ந்து எழுத இவ்வளவு பெரிய மனது வேண்டும்.

சொல்லேருழவன்
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ‘முன்வீச்சு’ சரியான சொல்தானா? கவண்கல், வலை இவற்றுக்கு வீச்சு பொருந்தும். பந்துக்கு ‘முன்னெறிவு’ என்று ஆள்வதே தகும்.

கம்பர்லாந்து
ஐயா, முன்னெறிவு என்றாலும் முன்வீச்சு என்றாலும் அங்கே நடக்காத ஒன்றுக்குத்தான் பெயர் வைக்கிறீர்கள்.

ஏரிக்கரையான்
இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு பிறந்தால் கணினிகள் எல்லாம் நின்றுவிடும் என்று பயந்துதான் என்னை இந்த ஊருக்கு வேலைக்கு அழைத்து வந்தார்கள். ஜனவரி 1 அன்று எதுவும் நிற்கவில்லை. ஜனவரி 8 அன்று என் மூச்சு நின்றது. பஃபலோவை ஒட்டிய சீக்டோவாகாவில் ஒற்றை அறையில் ஐந்து பேர், நடுவில் ஒரு பழைய டிவி. வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. முதல் குளிர்காலத்தில் எனக்குக் காரைப் பனியிலிருந்து தோண்டி எடுக்கக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் பில்ஸையும் கற்றுக்கொடுத்தார். ‘எங்களுக்குக் கோப்பை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உண்டு’ என்பார். 1991இலிருந்து 1994 வரை தொடர்ந்து நான்கு சூப்பர் பௌல் இறுதிப் போட்டி, நான்கும் தோல்வி. முதலாவதில் ஸ்காட் நார்வுட் 47 யார்டு அடி வலப்பக்கம் விலகி 20–19. அதை அவர் சொல்லும்போது குரல் மாறாது. நாஷ்வில் ஆட்டம் முடிந்ததும் எழுந்து போய் வாசலில் பனியைத் தள்ள ஆரம்பித்தார். அன்றைக்கு அங்கே தள்ளுவதற்குப் பனியே இல்லை.

அதன் பிறகு 17 பருவம் பில்ஸ் பிளேஆஃபைக் கண்ணால் பார்க்கவில்லை. 2017 டிசம்பர் 31 அன்று சின்சினாட்டியின் ஆண்டி டால்டன் பால்டிமோரைக் கவிழ்த்ததால்தான் எங்களுக்குக் கதவு திறந்தது. அவருடைய அறக்கட்டளைக்கு நாங்கள் ஆளுக்கு 17 டாலர் அனுப்பினோம். நன்றி சொல்லத் தெரிந்தவர்கள் நாங்கள். கணக்கும் தெரிந்தவர்கள். அந்த 17 ஆண்டும் எங்கே தொடங்கியது? 25 யார்டு கோட்டில்.

கம்பர்லாந்து
உருக்கமாக இருக்கிறது அண்ணா. ஆனால் அடுத்த 17 வருடமும் நீங்கள் தோற்றதற்கு வைசெக் எப்படிப் பொறுப்பாவார்? ஒவ்வொரு ஞாயிறும் வந்து எறிந்துவிட்டுப் போனாரா?

இன்னொன்று. அந்த உத்திக்குப் பெயரே உண்டு, ‘ஹோம் ரன் த்ரோபேக்’. எங்கள் பயிற்சியாளர் ஆலன் லோரி வகுத்துக் கொடுத்து, பயிற்சி செய்து வைத்திருந்தார்கள். குருட்டு அதிர்ஷ்டம் இல்லை.

ஏரிக்கரையான்
திட்டம் போட்டுத்தான் செய்தார்கள் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். திருட்டைத் திட்டம் போட்டுச் செய்தால் தண்டனை அதிகம், தம்பி.

ஹூஸ்டன்காரி
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் 1989இல் ஹூஸ்டனுக்கு வந்தவள். நாஷ்வில்காரர்கள் ‘எங்கள் டைட்டன்ஸ்’ என்கிறீர்களே, அது எங்கள் ஆயிலர்ஸ். 1997இல் மூட்டை கட்டிக்கொண்டு டென்னசிக்குப் போனது. அதை விடுங்கள், ஆறாத புண்.

ஏரிக்கரையான் கோட்டைப் பற்றிப் பேசுவதுதான் எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. 1993 ஜனவரி 3, உங்கள் ஊர் மைதானம். ஆயிலர்ஸ் 35, பில்ஸ் 3. அங்கிருந்து ஃப்ராங்க் ரைக் வந்து 41–38 என்று கூடுதல் நேரத்தில் வென்றீர்கள். பிளேஆஃப் வரலாற்றில் அதைவிடப் பெரிய மீட்சி இன்றுவரை இல்லை. ஆனால் நடுவில் டான் பீபி பிடித்த 38 யார்டு டச் டவுன்? அவர் ஓரக் கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிட்டு உள்ளே வந்து பிடித்தார். செல்லாது. அந்தப் பருவம் ரீப்ளே கிடையாது, அதனால் தப்பித்தீர்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா?

கம்பர்லாந்து
அக்கா! இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?

ஹூஸ்டன்காரி
உன் கட்சிக்கு வரவில்லை தம்பி. அணியைத் திருப்பிக் கொடுங்கள், பிறகு பேசுவோம்.

ஏரிக்கரையான்
அக்கா, வயதுக்கு மரியாதை. ஆனால் தலைப்பு 2000 ஜனவரி. பீபியைப் பற்றித் தனியாகத் தொடங்குங்கள், வந்து விவரமாகப் பேசுகிறேன். 32 புள்ளி பின்தங்கிய அணி ஒரு டச் டவுனால் வெல்லவில்லை. எங்கள் விஷயத்தில் அந்த ஒரே வீச்சுதான் ஆட்டம்.

ஹூஸ்டன்காரி
கடைசியில் மூன்றே புள்ளி வித்தியாசம். டச் டவுனுக்கு எத்தனை புள்ளி என்று உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுக்கவில்லையா?

ஓரத்தில் உட்கார்ந்தவன்
மறுபடியும் சொல்கிறேன், இணையாகப் போனாலும் செல்லும். காமிராவும் கோட்டுக்கு நேர் எதிரில் இல்லை. கோணத்தால் கண் ஏமாறும்.

ஏரிக்கரையான்
கண் ஏமாறுமாம்! ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி போடும் முன்பும் பார்த்தேன், போட்ட பிறகும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முன்னால்தான் போகிறது.

அந்த ஒரு பந்துக்காக, கிக்-ஆஃப் போன்ற உதை ஆட்டங்களுக்கான எங்கள் சிறப்பு அணிகளின் பயிற்சியாளர் புரூஸ் டிஹேவன் வேலையிழந்தார். 1987இலிருந்து இருந்தவர். எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றுக்கு ஒரு மனிதரை அனுப்பிவைத்தார்கள். அதற்கு யார் பதில் சொல்வது?

ஏழாம் எண்
ஃப்ளூட்டியைப் பெஞ்சில் வைத்தவர்கள் சொல்லட்டும்.

கம்பர்லாந்து
டிஹேவன் போனதே ஒரு வாக்குமூலம்தானே? வீச்சு செல்லாது என்று பில்ஸ் நிர்வாகம் உண்மையாகவே நம்பியிருந்தால் அவரை ஏன் நீக்க வேண்டும்? இடது ஓரத்தில் ஒரு ஆள்கூட நிற்கவில்லை. அத்தனை பேரும் வைசெக் பின்னால் ஓடினார்கள். பந்து பின்னால் போனாலும் பக்கத்தில் போனாலும் பாதாளத்துக்கே போனாலும் டைசனைத் தடுக்க ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். வைசெக் 2023 டிசம்பரில் காலமாகிவிட்டார். அந்த மனிதரையாவது விட்டுவிடுங்கள்.

ஏரிக்கரையான்
அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. செய்தி வந்த அன்று வருந்தினேன். நல்ல ஆட்டக்காரர். அழகாக எறிந்தார். முன்னால் எறிந்தார்.

டைசனுக்கு வருவோம். அதே மாதம் 30ஆம் தேதி, அட்லாண்டா, சூப்பர் பௌல். செயின்ட் லூயிஸ் ராம்ஸ் 23, டைட்டன்ஸ் 16. கடைசி நொடியில் இதே டைசன் பந்தோடு பாய்கிறார். மைக் ஜோன்ஸ் காலைப் பிடிக்கிறார். கை நீள்கிறது, எட்டவில்லை. எவ்வளவு குறைந்தது? ஒரு யார்டு. நாஷ்வில்லில் கூடுதலாக எடுத்த யார்டை அட்லாண்டாவில் வசூலித்துக்கொண்டார்கள்.

கம்பர்லாந்து
இதைச் சொல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்தேன். சரி. 2021 அக்டோபர், திங்கட்கிழமை இரவு, நாஷ்வில். 34–31. கடைசி வினாடிகளில் நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி, உங்கள் ஜோஷ் ஆலன் ஒரு யார்டுக்காகத் தலையால் முட்டினார். ஜெஃபரி சிமன்ஸ் எழும்பவிடவில்லை. அன்றைக்கு என்னோடு பந்தயம் கட்டியவர் யார்? அரைக் கிலோ கும்பகோணம் காப்பித்தூள். இன்னும் வந்து சேரவில்லை.

ஏரிக்கரையான்
2022 செப்டம்பரில் 41–7 என்று உங்களைப் புரட்டி எடுத்தோமே, அதில் நேர் செய்துகொண்டேன்.

கம்பர்லாந்து
அந்த ஆட்டத்துக்குப் பந்தயமே கட்டவில்லை!

ஹூஸ்டன்காரி
அப்படியானால் தூள் தர வேண்டியதுதான். இதில் ரீப்ளேகூட வேண்டாம்.

ஏழாம் எண்
ஏரிக்கரையான் கடன் வைப்பது புதிதா? அவருடைய வீட்டுக் கொலுவுக்குப் போனபோது என்னுடைய ஃப்ளூட்டி சட்டையை இரவல் வாங்கினார். அது எங்கே என்று ஆறு வருடமாகக் கேட்கிறேன்.

ஏரிக்கரையான்
சட்டை பத்திரமாக இருக்கிறது. எப்போதும் போலப் பெஞ்சில்.

பேச்சைத் திருப்பாதீர்கள். 2025 ஜனவரியில் கான்சஸ் சிட்டியில் ஆலன் ஒரு யார்டுக்குப் பாய்ந்தார். ஒரு நடுவர் எட்டிவிட்டது என்று வருகிறார், எதிர்ப்பக்கத்து நடுவர் எட்டவில்லை என்று வருகிறார். எட்டாததே வென்றது. 32–29, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். கோடு என்றாலே எங்களுக்கு எதிராகத்தான் வரைவார்கள்.

கம்பர்லாந்து
அது கான்சஸ் சிட்டியோடு உங்களுக்கு உள்ள வழக்கு. 13 வினாடியில் 36–33 முன்னிலையைக் கைவிட்டதும் அவர்களிடம்தான். அதிலாவது ஒரு கோடு தேறியதா?

ஏரிக்கரையான்
13 வினாடியைப் பற்றி இங்கே பேச வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

சொல்லேருழவன்
‘பின்வீச்சு’ என்பதும் அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. ‘பின்னெறிவு’?

ஓரத்தில் உட்கார்ந்தவன்
மூன்றாவது முறை. பந்து விட்ட இடம், பந்து தொட்ட இடம். கால் இல்லை. இணையாகப் போனால் செல்லும். யாராவது படிக்கிறீர்களா?

ஏரிக்கரையான்
படித்தேன் ஐயா. இப்போது நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்: வைசெக்கின் வலது கால் 25 யார்டு கோட்டுக்கு எந்தப் பக்கம்? ஒரே ஒரு கேள்வி. காலையிலிருந்து ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கம்பர்லாந்து
அரைக் கிலோ. பீபெரி, சிக்கரி இல்லாமல்.