கூம்புத் தொட்டி மாதிரி: ஆர்-ஸ்கொயர் 0.9999, ஆனால் தனியே ஓடவிட்டால் தண்ணீர் மட்டம் மைனஸில் போகிறது

கேள்வி: நீர்மட்டம்

வணக்கம். கருவியியல் பொறியியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் கூம்பு வடிவத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. உயரம் 60 செ.மீ., மேல் விளிம்பின் ஆரம் 18 செ.மீ. அடியில் ஒரு வால்வு பாதி திறந்திருக்கும். மேலிருந்து பம்பு தண்ணீரை ஊற்றும். மட்டத்தை அழுத்த டிரான்ஸ்மிட்டர் நொடிக்கு ஒருமுறை அளக்கும். 40 செ.மீ.யில் மட்டம் நிலைத்து நிற்க நொடிக்கு 60 கன செ.மீ. தண்ணீர் வேண்டியிருந்தது.

பம்பின் வேகத்தை மாற்றி மாற்றி, நான்கு ஓட்டங்களில் மொத்தம் 12,000 புள்ளிகள் எடுத்தேன். அவற்றைக் கலைத்துப் போட்டு 70 விழுக்காட்டை, தரவிலிருந்து கற்கும் கணினி மாதிரியான நியூரல் நெட்வொர்க்கின் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்தேன். முந்தைய இரண்டு நொடிகளின் மட்டமும் பம்பு வேகமும் உள்ளீடு. அடுத்த நொடியின் மட்டம் விடை. சோதனையில் ஆர்-ஸ்கொயர் (கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் மதிப்பெண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.9999. அன்று இரவு மகிழ்ச்சியில் தூக்கமே வரவில்லை.

மறுநாள், பம்பு வேகத்தை மட்டும் கொடுத்து, மாதிரி சொன்ன மட்டத்தையே அதற்குத் திரும்ப ஊட்டி ஓடவிட்டேன். இருபதாவது நிமிடத்தில் உண்மையான மட்டத்திலிருந்து 6 செ.மீ. விலகியிருந்தது. தொட்டி வடியும் பகுதியில் மட்டம் பூஜ்யத்துக்கும் கீழே போனது. இந்த மாதிரியை நம்பித்தான் கட்டுப்படுத்தியை வடிவமைக்க வேண்டும். எந்த எண்ணை நம்புவது? ஆய்வேட்டில் எதை எழுதுவது?

பதில் 1: கொதிகலன்

முதலில் ஒரு பாராட்டு. தனியே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே பெரிது. பலர் 0.9999 வந்ததும் கணினியை மூடிவிடுகிறார்கள். 22 ஆண்டுகள் ஆலைகளில் கட்டுப்பாட்டு வளையங்களைச் சரிசெய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த எண் என்னைக் கோபப்படுத்துகிறது. அது பொய் இல்லை. நீங்கள் கேட்காத கேள்விக்கான சரியான விடை, அவ்வளவுதான்.

இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். நெட்வொர்க்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, 'அடுத்த நொடியும் மட்டம் இதேதான்' என்று மட்டும் சொல்லும் ஒரு சோம்பேறி மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆர்-ஸ்கொயரைக் கணக்கிடுங்கள். பெரிய தொட்டியில் ஒரு நொடியில் என்ன மாறிவிடப் போகிறது? அதற்கும் 0.999-க்கு மேல் வரும். அப்படி வந்தால் உங்கள் மதிப்பெண்ணில் பெரும்பங்கு தண்ணீருடையது, நெட்வொர்க்குடையது அல்ல. முன்கணிப்புத் துறையில் இதற்கென்றே ஓர் அளவு உண்டு. ராப் ஹைண்ட்மனும் ஆன் கேலரும் 2006-இல் முன்வைத்தது. உங்கள் பிழையை அந்தச் சோம்பேறி மாதிரியின் பிழையால் வகுப்பார்கள். ஒன்றுக்குக் கீழே எவ்வளவு தூரம் இறங்குகிறீர்கள் என்பதுதான் மாதிரியின் சொந்த உழைப்பு.

இரண்டாவது, கலைத்துப் போட்டது. 501-ஆவது நொடி சோதனையில், 500-உம் 502-உம் பயிற்சியில். பக்கத்து வீட்டு விடையைப் பார்த்து எழுதிய தேர்வு அது. மூன்று ஓட்டங்களில் பயிற்சி கொடுங்கள். நான்காவதை முழுதாகப் பூட்டி வையுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். உங்கள் தொட்டியின் காலமாறிலியை, அதாவது ஒரு மாற்றத்துக்கு அது எவ்வளவு மெதுவாக ஈடுகொடுக்கிறது என்பதைக் காட்டும் நேரத்தை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 செ.மீ.யில் நீர்ப்பரப்பின் ஆரம் 12, பரப்பு சுமார் 452 சதுர செ.மீ. பரப்பையும் உயரத்தையும் பெருக்கி, இரட்டித்து, நீரோட்டத்தால் வகுத்தால் ஏறக்குறைய 600 நொடி, அதாவது பத்து நிமிடம். 10 செ.மீ.யில் பரப்பு 28-தான். நீரோட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் 30 ஆகிறது. காலமாறிலி 19 நொடி! ஒரே தொட்டிக்குள் 32 மடங்கு வேறுபாடு. இப்படிப்பட்ட அமைப்புக்கு ஒரே ஒரு சராசரிப் பிழையைச் சொல்வது, மலையும் கடலும் உள்ள மாவட்டத்துக்குச் சராசரி உயரம் சொல்வது போன்றது. 12,000 புள்ளிகளில் 15 செ.மீ.க்குக் கீழே எத்தனை இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள்.

பதில் 2: நீர்மட்டம்

ஐயா, எண்ணினேன். 640. மீதி அத்தனையும் மேலே. சோம்பேறி மாதிரியின் ஒரு நொடிப் பிழை 0.12 செ.மீ., என் நெட்வொர்க்கின் பிழை 0.10. மூன்று மாத வேலை 0.02 செ.மீ. என்று பார்த்தபோது மனம் கனத்தது. டிரான்ஸ்மிட்டரின் இரைச்சலே 0.08 இருக்கிறது.

இனி எல்லா மாதிரிகளையும் தனியே ஓடவிட்டுத்தான் மதிப்பிட வேண்டுமா?

பதில் 3: இரட்டைச்சுருள்

எல்லாவற்றையும் அல்ல. உங்கள் தொட்டி நல்ல குணம் கொண்டது. இரண்டு வெவ்வேறு மட்டங்களில் தொடங்கி ஒரே பம்பு வேகத்தைக் கொடுத்தால் இரண்டும் கடைசியில் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். தொடக்கப் பிழையைத் தொட்டியே மறந்துவிடுகிறது. அதனால் தனியோட்டப் பிழை அதற்கு நியாயமான தேர்வு.

நான் ஆராய்வது ஒழுங்கின்மை அமைப்புகள், அதாவது சிறு பிழையும் வேகமாகப் பெருகும் அமைப்புகள். அங்கே தனியோட்டப் பிழை என்ற அளவுகோல் நல்ல மாதிரியையும் தோற்கடித்துவிடும். 1961-இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் தன் வானிலைக் கணக்கை நடுவிலிருந்து மீண்டும் ஓட்டியபோது, 0.506127 என்பதை அச்சுத்தாளில் இருந்தபடி 0.506 என்று கொடுத்தார். சமன்பாடு அதே, கணினியும் அதே. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் இரண்டு வானிலைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போயின. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை, ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியால் பெருக்கி, நான்கால் பெருக்கும் எளிய கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். பிழை சராசரியாக ஒவ்வொரு படியிலும் இரட்டிக்கும். பத்து லட்சத்தில் ஒரு பங்குப் பிழை, இருபது படிகளில் முழு எண்ணையும் விழுங்கிவிடும். அங்கே நாங்கள் கேட்பது, பிழை எல்லை தாண்டும் முன் எத்தனை படி தாக்குப்பிடித்தது என்பதுதான்.

தரவிலிருந்து விதியைத் தொகுத்தறியும் முறைகளை நேர்மையாகச் சோதித்ததில் எனக்குப் பிடித்தது, 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டா ஃபே நிறுவனம் நடத்திய போட்டி. ஒழுங்கின்றித் துடிக்கும் ஒரு லேசரின் ஒளிச்செறிவிலிருந்து 1,000 எண்களைக் கொடுத்து, அடுத்த 100 எண்களைக் கேட்டார்கள். விடை போட்டியாளர்கள் யாரிடமும் இல்லை. எரிக் வான் என்பவரின் நியூரல் நெட்வொர்க் அதில் முதலிடம் பெற்றது. உங்கள் நான்காவது ஓட்டத்தையும் அப்படியே நடத்துங்கள். முடிந்தால் அந்தத் தரவுக் கோப்பை நண்பர் ஒருவரிடம் கொடுத்து வைத்திருக்கச் சொல்லுங்கள்.

பதில் 4: நீர்மட்டம்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். கோப்பை விடுதித் தோழியிடம்தான் கொடுத்திருந்தேன்; நேற்றுதான் திரும்ப வாங்கினேன்.

நெட்வொர்க்கை இப்போது ஒரு நொடிக்குப் பதிலாக 60 நொடி தனியோட்டத்தின் பிழையைக் குறைக்கும்படி பயிற்றுவித்தேன். பூட்டி வைத்த ஓட்டத்தில் தனியோட்டப் பிழை 1.4 செ.மீ. மட்டம் மைனஸில் போகவில்லை. அதோடு, பாடப்புத்தகச் சமன்பாட்டையும் எடுத்து, வால்வின் வெளியேற்றக் கெழு (வால்வு எவ்வளவு தாராளமாகத் தண்ணீரை விடுகிறது என்பதன் அளவு) என்ற ஒரே ஓர் எண்ணை மட்டும் அதே மூன்று ஓட்டங்களிலிருந்து பொருத்தினேன். அதற்கு 0.9 செ.மீ.! ஆனால் 15 செ.மீ.க்குக் கீழே தனியாகப் பார்த்தால் நெட்வொர்க்குக்கு 2.6, சமன்பாட்டுக்கு 2.9. வால்வுக்குப் போகும் குழாயின் நீளத்தைச் சமன்பாட்டில் நான் சேர்க்கவில்லை. காரணம் அதுவாக இருக்கலாம்.

இந்த எண்கள் எல்லாவற்றையும் சோம்பேறி மாதிரியின் எண்ணோடு சேர்த்து ஆய்வேட்டின் ஒரே அட்டவணையில் போட்டுவிட்டேன். 0.9999-ஐ நீக்கவில்லை, அதுவும் முதல் வரியில் இருக்கிறது.

பதில் 5: கொதிகலன்

குழாய் நீளத்தை அளந்து உயரத்தோடு கூட்டிப் பாருங்கள் அம்மா. பிறகு 5 முதல் 15 செ.மீ. வரை மட்டும் பம்பை 20 நொடிக்கு ஒருமுறை மாற்றி ஒரு புதிய ஓட்டம் எடுங்கள். அந்தப் பகுதியைப் பற்றி இரண்டு மாதிரிகளுக்கும் நீங்கள் இன்னும் போதுமான அளவு சொல்லிக்கொடுக்கவில்லை.