தெற்கு லுவாங்வா சஃபாரி, பிறகு மலாவி ஏரிக்கரை: 12 நாளில் பிள்ளைகள், பாட்டியோடு முடியுமா?

கேள்வி

வணக்கம். செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறையை ஒட்டி 12 நாள் கிடைக்கிறது. நாங்கள் இருவர், மகளுக்கு 11, மகனுக்கு 7, அம்மாவுக்கு 66. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம்.

போட்டிருக்கும் திட்டம்: ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் இறங்கி, உள்நாட்டு விமானத்தில் ம்ஃபுவே. அங்கே தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவில் 3 இரவு. எல்லையை ஒட்டிய சிப்பாட்டா வழியாகச் சாலையில் மலாவியின் தலைநகர் லிலோங்வே. அங்கிருந்து நியிகா பீடபூமி 2 இரவு, பிறகு கேப் மக்ளியரில் ஏரிக்கரை 3 இரவு. திரும்பும் விமானம் லிலோங்வேயிலிருந்து. ம்ஃபுவேயில் கார் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாம் என்று எண்ணம்.

அந்த மாதத்தில் விலங்குகள் நன்றாகத் தெரியுமா? 7 வயதுப் பையனை ஜீப்பில் விடுவார்களா? ஏரியில் குளித்தால் பில்ஹார்சியா வரும் என்கிறார்கள், எவ்வளவு பயப்பட வேண்டும்? மலேரியா மாத்திரை பிள்ளைகளுக்கு எது?

பதில் 1

மாதம் அருமையான மாதம். நம் கோடை விடுமுறையான மே மாதத்தில் போனால் மழை முடிந்த கையோடு புல் ஆளுயரம் நிற்கும், சிறுத்தை பத்தடியில் படுத்திருந்தாலும் தெரியாது. செப்டம்பர் கடைசிக்குள் உள்காட்டுக் குட்டைகள் வற்றி, யானை, எருமை, வரிக்குதிரை எல்லாம் லுவாங்வா ஆற்றுக்கே வந்தாக வேண்டிய நிலை. ஆற்று மணல் கரைகளில் செங்கருஞ்சிவப்பு நிறப் பஞ்சுருட்டான்கள் நூற்றுக்கணக்கில் வளை தோண்டிக் கூடு வைக்கும் சமயமும் அதுதான். பகலில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். அக்டோபர் நடுவில் 40-ஐத் தொடும், அதற்குள் நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள்.

நியிகாவை எடுத்துவிடுங்கள். அது மலாவியின் வடக்கில், கேப் மக்ளியர் ஏரியின் தென்முனையில். லிலோங்வேயிலிருந்து வடக்கு நகரமான ம்சூசு போகவே 350 கிலோமீட்டருக்கு மேல், அதன்பிறகு மண்சாலை. போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று இரண்டு முழு நாள் வண்டியிலேயே போய்விடும். அந்த இரவுகளில் ஒன்றை லுவாங்வாவுக்குக் கொடுத்து 4 இரவு ஆக்குங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு சவாரி. காலை 6 மணிக்குக் கிளம்பி 10 மணி வரை, மாலை 4 மணிக்குக் கிளம்பி 8 மணி வரை. மாலைச் சவாரியின் பின்பாதி இருட்டில், கைவிளக்கு அடித்துத் தேடுவார்கள். சிறுத்தை பெரும்பாலும் அப்போதுதான் கிடைக்கும். ஆனால் 7 வயதுப் பையன் ஏழு மணிக்கெல்லாம் தூங்கி வழிவான், இல்லையென்றால் சத்தமாகப் பேசுவான், கூட வரும் அந்நியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே குடும்பத்துக்கென்று தனி வண்டி கேளுங்கள். கூடுதல் கட்டணம் உண்டு, ஆனாலும் இந்தப் பயணத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியது அதுதான். எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம், ஒரு யானைக் கூட்டத்தின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கலாம்.

நடைச் சஃபாரி இந்தக் காட்டில்தான் 1950-களில் நார்மன் கார் தொடங்கியது. ஆனால் வழக்கமாக 12 வயதுக்குக் கீழே அனுமதியில்லை, மகளுக்கு ஒரு வயது குறைகிறது. அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். உள்காட்டுச் சிறு முகாம்களிலும் பெரும்பாலும் இதே வயது வரம்புதான். ம்ஃபுவே நுழைவாயிலை ஒட்டிய தங்குமிடங்களில் குடும்ப வீடுகள் கிடைக்கும்.

இந்த முகாம்களுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் காவலர் துணையில்லாமல் ஓரடி நகரக் கூடாது. பிள்ளைகளின் அறைக்கும் உங்கள் அறைக்கும் உள்ளேயே கதவு இருக்கிறதா என்று முன்பதிவின்போது கேளுங்கள். அறையிலோ வண்டியிலோ பழம் வைக்காதீர்கள். ஆரஞ்சு வாசனை பட்டால் யானை கூடாரத் துணியைக் கிழித்து, கார்க் கதவை நெளித்து எடுத்துவிடும். பகலில் அதே வேலையைப் பபூன் குரங்கு செய்யும்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை: திறந்த லேண்ட் குரூசரில் இருக்கைகள் படிப்படியாக மூன்று வரிசை. பின்வரிசைதான் உயரம், குலுக்கலும் அங்கேதான் அதிகம். ஓட்டுநர் பக்கத்து இருக்கையை அம்மாவுக்கு ஒதுக்கி, ஏற ஒரு முக்காலி வைக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

கருப்பு, கருநீல உடை வேண்டாம், செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வந்து கடிக்கும். ராணுவப் புள்ளி உடையும் வேண்டாம், ஜாம்பியாவில் அது சட்டப் பிரச்சினை.

பதில் 2

உடல்நலம் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மலேரியா: இரண்டு இடங்களிலும் ஃபால்சிபேரம் என்ற கடுமையான வகை உண்டு, குளோரோகுயின் மாத்திரை அங்கே உதவாது. பிள்ளைகளுக்கு வசதியானது அட்டோவகோன்-புரோகுவானில். போவதற்கு 1 அல்லது 2 நாள் முன் தொடங்கி, அங்கே தினமும், திரும்பிய பின் 7 நாள். குழந்தை மாத்திரை என்பது பெரியவர் மாத்திரையில் கால் பங்கு. 11 முதல் 20 கிலோ வரை 1, 21 முதல் 30 வரை 2, 31 முதல் 40 வரை 3, அதற்கு மேல் பெரியவர் மாத்திரை ஒன்று. பாலோடு அல்லது சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும். கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். எல்லாக் கடையிலும் கிடைக்கும் மருந்தில்லை, ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். டாக்சிசைக்ளின் 7 வயதுக்கு ஆகாது. பெரியவர்களுக்கும் அது வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும், ஏரிக்கரைப் பயணத்துக்குப் பொருத்தமில்லை.

பில்ஹார்சியா: பயந்து ஏரியில் இறங்காமல் இருக்க வேண்டியதில்லை, மறந்துவிடத்தான் கூடாது. ஒருவகை நத்தையிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத புழு தோல் வழியாக நுழைகிறது. நாணலும் பாசியும் உள்ள ஓரங்களில்தான் இருக்கும், வெறும் மணல் கரை பத்திரம் என்று பலர் சொல்வார்கள். கேப் மக்ளியரில் அது சரியில்லை. அங்கே மணலிலேயே வாழும் நத்தை இனம் ஒன்றும் இந்தப் புழுவைச் சுமக்கிறது. நத்தை தின்னும் மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்ததால் அது பெருகியது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஊருக்கு நேர் எதிரே, துணி துவைக்கும் இடத்தை ஒட்டிக் குளிக்காதீர்கள். படகில் தள்ளிப் போய், தீவுப் பாறைகளை ஒட்டிய ஆழமான நீரில் இறங்குவது மேல். துண்டால் உடனே துடைப்பது நல்லது, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது.

புழு முதிர்ந்த பிறகுதான் இதற்கான மாத்திரையான பிராசிக்வான்டல் அதைக் கொல்லும். அங்கேயே மருந்துக் கடையில் வாங்கி கடைசி நாளில் விழுங்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு, அது வீண். கடைசியாக ஏரியில் இறங்கி 8 வாரமாவது கழிந்த பின் இரத்தப் பரிசோதனையும், மருத்துவர் சொன்னால் மாத்திரையும். வழக்கமான அளவு கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே நாளில். நம் ஊர் மருத்துவர்கள் அரிதாகப் பார்க்கும் நோய், ஆகவே நீங்களே பெயரைச் சொல்ல வேண்டும். சிறுநீரில் இரத்தம், காரணம் தெரியாத காய்ச்சல், தோல் தடிப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல்: எத்தியோப்பியாவும் கென்யாவும் இந்தியா வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் உள்ளவை. அங்கே விமானம் மாறும்போது நிலையத்தை விட்டு வெளியே வந்து விடுதியில் தங்கினால், தடுப்பூசிச் சான்று இல்லாமல் இந்தியா திரும்புகிறவரை 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் ஜாம்பியா, மலாவி அதிகாரிகளும் சான்று கேட்கலாம். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியின் கடும் பக்கவிளைவு வாய்ப்பு கூடுதல். ஆகவே அம்மாவுக்காகவே காத்திருப்பு குறைவான இணைப்பு விமானமாகப் பாருங்கள். ஊசி போடுவதானால் சென்னை கிண்டி கிங் நிலையத்தில், கிளம்பும் நாளுக்கு 10 நாள் முன்பாவது.

பதில் 3

கார் வாடகைக்கு எடுத்து எல்லை தாண்டுறதை விட்டுடுங்க. நிறுவனத்தோட அனுமதிக் கடிதம், காமெசாங்கிற ஆப்பிரிக்க வணிகக் கூட்டமைப்போட மஞ்சள் அட்டை வாகனக் காப்பீடு, மலாவிக்குள்ள தற்காலிக இறக்குமதிச் சீட்டு, இத்தனையும் வேணும். அதுக்கு மேல ஜாம்பியா வண்டியை மலாவியில விட்டுட்டு வர ஒத்துக்கிற இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ம்ஃபுவே தங்குமிடமே ஓட்டுநரோட வண்டி ஏற்பாடு பண்ணும். அது எல்லை வரைக்கும் வரும், அந்தப் பக்கம் மலாவி வண்டி காத்திருக்கும். பெட்டியை உருட்டிக்கிட்டு நடந்து தாண்டிடலாம்.

ம்ஃபுவே-சிப்பாட்டா 130 கிலோமீட்டர், தார்ச்சாலை, ரெண்டு மணி நேரம். அங்கிருந்து எல்லை அரை மணி. எல்லையில ஒரு மணியிலிருந்து ரெண்டு மணி வச்சுக்கோங்க. அப்புறம் லிலோங்வே ரெண்டு மணி. காலைல 7 மணிக்குக் கிளம்பினா மதியம் 2 மணிக்குள்ள சேர்ந்துடலாம். அன்னிக்கே கேப் மக்ளியர் போக நினைக்காதீங்க, இன்னும் நாலஞ்சு மணி நேரம் ஆகும், கடைசிப் பகுதி இருட்டில. விளக்கில்லாத சைக்கிள், ரோட்டுல படுத்திருக்கிற ஆடு, மரக்கரி மூட்டை ஏத்தின வண்டி, இதெல்லாம் ராத்திரியில கண்ணுக்குத் தெரியாது. லிலோங்வேல ஒரு ராத்திரி தங்குங்க.

மலாவியில அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால பெட்ரோல், டீசல் அடிக்கடி கிடைக்காமப் போகும். வண்டிக்காரர்கிட்ட "திரும்பி வர்றதுக்கும் டீசல் கையில இருக்கா"ன்னு முதல் நாளே கேளுங்க.

ரெண்டு நாட்டுப் பணத்துக்கும் குவாச்சான்னுதான் பேரு, ஆனா வேற வேற பணம். ஜாம்பியா குவாச்சாவை எல்லைக்கு முன்னாடியே செலவு பண்ணிடுங்க. டாலர் நோட்டு கிழிசல், எழுத்து இல்லாம புதுசா இருக்கணும்.

சைவம்: "வெஜிடேரியன்"னு மட்டும் சொன்னா கீரையில காய்ந்த மீனைப் போட்டுக் கொடுத்துடுவாங்க. கேப் மக்ளியர் மணல்ல நாணல் பரண் கட்டி உசிபான்னு நம்ம நெத்திலி மாதிரிச் சின்ன மீனை வெள்ளி விரிச்ச மாதிரி காயப்போட்டிருப்பாங்க. அது அங்க எல்லாக் குழம்புக்கும் ருசி சேர்க்கிற பொருள். "அமாயி சாட்யா ன்யாமா, ன்சோம்பா, மசீரா"ன்னு சமையல்காரர்கிட்ட சொல்லுங்க. அம்மா கறி, மீன், முட்டை சாப்பிட மாட்டாங்கன்னு அர்த்தம். எல்லைக்கு ரெண்டு பக்கமும் புரியும். ன்சீமாங்கிற மக்காச்சோளக் களியும், நிலக்கடலைப் பொடி போட்ட பூசணிக் கீரையும் அம்மாவுக்குக் கண்டிப்பாப் பிடிக்கும். பருப்பு, அரிசி, மசாலா வேணும்னா சிப்பாட்டாவில இந்திய வம்சாவளிக் கடைகள் இருக்கு.

பதில் 4

எல்லை தாண்டுவதே பாரம் என்று தோன்றினால் மலாவிக்குள்ளேயே முடிக்கலாம். ஷிரே ஆற்றங்கரையில் லிவோண்டே தேசியப் பூங்கா, கேப் மக்ளியரிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள். 2015 முதல் ஆஃப்ரிக்கன் பார்க்ஸ் என்ற வனப் பாதுகாப்பு அமைப்பு நிர்வகிக்கிறது. 2017-ல் சிவிங்கிப்புலியும் 2018-ல் சிங்கமும் மறுபடி கொண்டுவந்து விட்டார்கள். படகுச் சஃபாரிதான் அதன் சிறப்பு: முழங்கால் வலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நீர்யானையையும் தண்ணீர் குடிக்கும் யானையையும் பார்க்கலாம். சிறுத்தைக்கு லுவாங்வாவே மேல், அதில் சந்தேகமில்லை.

ஏரியைப் பற்றி ஒன்று. மே முதல் ஆகஸ்ட் வரை ம்வேரா என்ற தென்கிழக்குக் காற்று அலையைக் கிளப்பும், தண்ணீர் கலங்கும். செப்டம்பர் கடைசியில் அது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆட்டர் பாயின்ட், தும்பி தீவுப் பாறைகளில் நீச்சல் முகமூடி போட்டுத் தலையை நனைத்தாலே நீலமும் மஞ்சளுமாக ம்பூனா என்ற பாறை மீன்கள் முகத்தருகே வரும். பையனுக்கு அளவான முகமூடியை இங்கிருந்தே வாங்கிப் போங்கள், அங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரியவர் அளவு, தண்ணீர் புகும்.

கேட்டவர்

மிக்க நன்றி. மாற்றிய திட்டம்: லுசாகா 1 இரவு, லுவாங்வா 4, லிலோங்வே 1, கேப் மக்ளியர் 4. கடைசி நாள் காலை கேப் மக்ளியரிலிருந்து நேரே விமான நிலையம், மதியம் 2 மணி விமானம். தனி வண்டிக்கும் படகுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

பதில் 3

கடைசி நாள் இடிக்குதே. விமான நிலையம் லிலோங்வேக்கு வடக்க இருக்கு, நீங்க வர்றது தெற்கிலிருந்து. 2 மணி விமானத்துக்கு 11 மணிக்கு அங்க இருக்கணும்னா விடிகாலை இருட்டில கிளம்பணும். கேப் மக்ளியரை 3 இரவாக்கி, கடைசி ராத்திரி லிலோங்வேல தங்குங்க.

பதில் 2

பரிசோதனைக்கு நாளையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் கடைசிக் குளியல் என்றால் டிசம்பர் முதல் வாரம், ஐந்து பேருக்கும். கரையில் கால் மட்டும் நனைத்தாலும், அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.