'பிளவு' போதுமா? கனியங்களுக்கு ஒரு சொல்

உப்புவெளியிலிருந்து:
வணக்கம். பன்னிரண்டாம் தரச் செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கனியம் (mineral) தளம் தளமாக உடையும் இயல்புக்குப் (cleavage) 'பிளவு' என்று போட்டிருக்கிறேன். அதே தாளில் பிளவுப் பள்ளத்தாக்கும் (rift valley) வருகிறது. திருகோணமலைக் கோணேசர் மலையில் 'இராவணன் வெட்டு' என்னும் பாறைப் பிளப்பும் இதுதானா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அது பாறை வெடித்தது. மைக்கா தாள் தாளாக உரிவதோ, அதன் படலங்களுக்கு இடையே பிணைப்பு நலிந்திருப்பதால். வேறு சொல் வேண்டும்.

தம்பலகாமத்திலிருந்து:
'வகிர்வு'. வகிர்தல் என்றால் நெடுக நேராகப் பிளத்தல். வடுவகிர்க் கண் என்னும் உவமையில் இருப்பது இரண்டாக வகிர்ந்த மாவடு. தலை வகிடும் இதனோடு சேர்ந்ததே. வகு, வகை, வகுப்பு என்று வேர் இன்னும் ஓடுகிறது.

மூதூரிலிருந்து:
வேர் நன்று ஐயா. ஆனால் எந்தப் பிள்ளை 'வகிர்' என்று பேசுகிறது? 'பிளவுத்தளம்' போதும். தளங்களின் திசைகள் மைக்காவில் ஒன்று, கல்சைற்றில் மூன்று, புளோரைற்றில் நான்கு என்று எண்ணிச் சொல்லலாம்.

தம்பலகாமத்திலிருந்து:
தளம் என்றால் பரப்பு. எனக்கு வேண்டியது இயல்பின் பெயர். கனியம் எவ்வளவு நன்றாகப் பிளக்கிறது என்று சொல்ல 'நிறைவான தளம்', 'நலிந்த தளம்' என்று எழுத முடியுமா?

மூதூரிலிருந்து:
வகிர்வும் பிளவும் ஒரே -வு விகுதித் தொழிற்பெயர்கள். இயல்பு இதில் மட்டும் எப்படி வந்தது?

நிலாவெளியிலிருந்து:
சொல் எதுவானாலும் தாளில் இதைச் சேருங்கள் ரீச்சர். குவாட்ஸ் படிகத்தின் பளபளப்பான முகத்தைப் பிள்ளைகள் பிளவு என்று எழுதிவிடுகிறார்கள். அது வளர்ந்த முகம், உடைந்த முகம் அல்ல. ஒரு துண்டைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, உடைந்த பக்கத்தை விளக்கின்கீழ் மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். பிளவிருந்தால் படிப்படியான பல தளங்கள் ஒரே நேரத்தில் மின்னும். குவாட்ஸில் வளைந்த வரிகள்தான் தெரியும். பிளவுத் தளங்களுக்கு இடையேயான கோணத்தையும் அளக்கட்டும். பைரொக்சீன் ஏறத்தாழ 87°, 93°. ஹோர்ன்பிளென்ட் 56°, 124°. இரண்டும் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும். பிரித்தறியக் கோணம்தான் கைகொடுக்கும்.
அந்த வளைவரி உடைவைச் 'சங்குமுறிவு' என்று எழுதாதீர்கள். சங்கு புரியாகச் சுற்றியது. வரிவரியாக விரிவது சிப்பி. 'சிப்பிமுறிவு' என்பதே சரி.

மூதூரிலிருந்து:
சிப்பிமுறிவுக்கு நான் உடன்பாடு.

உப்புவெளியிலிருந்து:
நன்றி. நேரமில்லை. 'கனியப் பிளவு' என்று அச்சிடுகிறேன். மூவர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பள்ளத்தாக்கோடு குழம்பாது, பிள்ளைகளுக்கும் விளங்கும். சிப்பிமுறிவும் சேர்கிறது.

தம்பலகாமத்திலிருந்து:
நான் ஒப்பவில்லை. கனியப் பிளவு என்றால் கனியம் பிளந்துபோயிற்று என்றே காதில் விழுகிறது. அடிபடாத கல்லிலும் அந்த இயல்பு இருக்கிறதே. -வு விகுதி தடையென்றால் 'வகிர்மை' என்று வையுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.